விறகுக் கணக்கு

மதுரைக்காரர் ஒருவரிடம் போய், ‘குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்க மாசம் எவ்வளவுண்ணே செலவாகுது?’ என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். நம்மூர் மார்கழிக்கு ஒரு போர்வை, ஒரு மங்கி குல்லா. முடிந்தது செலவு! ஆனால், அந்தக் கணக்கில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு என்றால் நம்புவீர்களா?

அமெரிக்கன் மதுரா மிஷன் இங்கே வந்து இறங்கியது 1834-ல். அமெரிக்கப் பனியில் வளர்ந்த பாதிரியார்களையும் அவர்கள் குடும்பங்களையும் நம்ம வெயிலும் நோயும் பாடாய்ப்படுத்தின. முதலில் பக்கத்திலிருக்கும் சிறுமலையில் ஒதுங்கப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல். பிறகுதான் பழனி மலையில் ஏறி, 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம். வெயிலிலிருந்து தப்பியாயிற்று. இப்போது பிரச்னை, குளிர்!

அந்தக் குளிரைச் சமாளிப்பது எப்படி என்பதில் கொடைக்கானலுக்கு மூத்தவள் ஊட்டி. 1820-களிலேயே கோவை கலெக்டர் ஜான் சலிவன் அங்கே வீடு கட்டிவிட்டார். அவர் போவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அங்கே வாழும் தோடர்களின் பழைய வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போலிருக்கும். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும், அவ்வளவு சின்ன வாசல். உள்ளே ஓர் அடுப்பு. சமைத்த சூடு வெளியே ஓட வழியே கிடையாது. செலவில்லாத ஹீட்டர்!

துரைமார்கள் கட்டியதோ பங்களா. உயரமான கூரை, பெரிய பெரிய ஜன்னல், சுவரில் கணப்பு. எரிகிற விறகின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். மிச்சம்தான் மனிதனுக்கு. அப்படியானால் எவ்வளவு விறகு வேண்டும், யோசியுங்கள். சோலைக்காடுகள் மளமளவென்று விழுந்தன. விறகுக்குத் தட்டுப்பாடு வந்தது.

வாசலைச் சின்னதாக்கலாமே என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்தார்கள்! யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரம், வாட்டில் என்கிற சீகை மரம். கிடுகிடுவென்று வளரும், கற்பூர மரமோ வெட்ட வெட்டத் துளிர்க்கும். விறகுக்கு இதைவிட மலிவான சரக்கு ஏது? மிச்சமிருந்த சோலைகள் கோடரிக்குத் தப்பியதில் இந்த மரங்களுக்கும் பங்குண்டு, அதை மறுக்கக் கூடாது. ஆனால், நட்ட இடம் எது? புல்வெளி. ‘சும்மா கிடக்கிற தரிசு’ என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

சும்மாவா கிடந்தது? பெய்கிற மழையை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருந்தது அந்தப் புல்தான். நீலகிரியில் பக்கத்துப் பக்கத்து நீர்ப்பிடிப்புகள் இரண்டை எடுத்து, ஒன்றைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் யூகலிப்டஸ் நட்டு 1960-களின் கடைசியிலிருந்து அளந்து பார்த்தார்கள். முதல் பத்தாண்டு வளர்ப்பில் தண்ணீர் வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில், சுமார் 25 சதவீதம்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு இது இப்படித்தான் தெரிகிறது... விறகில் மிச்சம் பிடித்தது மேலே ஒருவர் கணக்கில் வரவு. பற்று எழுதியதோ கீழே இருக்கிறவர் கணக்கில். பழனி மலையில் பிறக்கிற வராக நதியும் மஞ்சளாறும் வைகையில்தான் வந்து சேர்கின்றன. பெரியகுளத்துத் தோப்பும் மதுரையின் ஆறும் அந்த மலையின் ஓடைகளை நம்பியவை.

வெள்ளைக்காரன் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் நழுவ முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் ஆலைகளுக்கும் தோல் பதனிடவும் என்று இந்த மரங்களைப் பழனி மலையில் ஏக்கர் ஏக்கராக நட்டோம். செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தால், 1973-லிருந்து 2014-க்குள் அங்கே புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கிறது.

அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றுவது அத்தனை சுலபமில்லை. சீகையின் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உயிரோடு தூங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டால் போதும், கூட்டமாக எழுந்து நிற்கும்.