வெள்ளக் கணக்கில் இடம்பெறாத நாய்

2005 ஜூலை 26 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுருஸ் வானிலை நிலையத்தில் பதிவான மழை 944 மி.மீ. அதே நேரத்தில் கொலாபாவில் 73 மி.மீ. மட்டுமே. மித்தி ஆறு கரை கடந்தது. குர்லா, கலினா, தாராவியின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. புறநகர்த் தபேலாக்களில் எருமைகள் கட்டுத்தறியிலேயே மடிந்தன.

அவ்வெள்ளம் பற்றிய எழுத்துகளில் விலங்குகள் பெரும்பாலும் இரு வடிவங்களிலேயே தென்படுகின்றன: அகற்ற வேண்டிய சடலம், நோய் பரப்பும் மூலம். காப்பாற்ற வேண்டிய உயிராக அவை வருவது அரிது. மொழியியல் மாணவனுக்கு இது வியப்பன்று. ‘மாடு’ என்றால் பழந்தமிழில் செல்வம். மராத்தியின் ‘பசுதன்’ என்ற சொல்லிலும் செல்வமே ஒளிந்திருக்கிறது. பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைகளும் இவ்வழியே செல்கின்றன. 2022இல் திருத்தப்பட்ட விதிப்படி, இறந்த கறவை எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். கோழிக்கும் ஒரு தொகை உண்டு. நாய்க்கும் பூனைக்கும் வரியே இல்லை. அஃறிணைக்குள்ளும் ஒரு படிநிலை!

மும்பை மூழ்கி ஒரு மாதத்தில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. மீட்புப் படகுகளிலும் முகாம்களிலும் நாய்க்கு இடமில்லை என்றதால் பலர் வீட்டைவிட்டு வர மறுத்தனர். சிலர் அங்கேயே இறந்தனர். இதையடுத்து, வளர்ப்பு விலங்குகளையும் வெளியேற்றத் திட்டத்தில் சேர்க்கவேண்டும் என 2006 அக்டோபரில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. இந்தியாவின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 டிசம்பரில் வந்தது. ‘பேரிடர்’ என்பதற்கு அது தரும் வரையறையில் உயிரிழப்பு, மனிதத் துயர், உடைமை, சுற்றுச்சூழல் ஆகியவை உண்டு. விலங்கு என்ற சொல் இல்லை.

வெள்ளம் வடிந்தபின் மும்பையில் லெப்டோஸ்பைரோசிஸ் பரவியது. தமிழில் இதை எலிக்காய்ச்சல் என்கிறோம். இப்பெயர் பழி முழுவதையும் எலிமேல் சுமத்துகிறது. நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரிலும் இக்கிருமி வெளியேறும். வெள்ளநீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடம்புக்குள் நுழையும். அதே நீரில் நனையும் நாயும் இதற்குப் பலியாகும். ஆகவே ஒற்றை அறையில் மனிதரும் நாயும் சேர்ந்து வாழும் தாராவியில், நாயின் நலம் வீட்டாரின் நலத்திலிருந்து பிரிக்கக்கூடியதன்று.

நாய்களுக்கு இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு: முதன்முறை சில வார இடைவெளியில் இரு தவணை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. நீர் ஏறும்போது முதலில் செய்யவேண்டியது கட்டை அவிழ்ப்பது. தபேலா எருமைகளுக்குக் கிட்டாதது அதுவே. நாயை மேல்தளத்துக்கு ஏற்றிக் குடிநீரும் தீனியும் அங்கேயே வைக்கவேண்டும். வெள்ளநீரைக் குடிக்க விடலாகாது. நனைந்தால் நல்ல நீரில் கழுவி, விரலிடுக்குவரை துவட்டவேண்டும்.

ஊசியை மே மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பரேலில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கப்பட்ட விலங்கு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் மாட்டுங்காவிலிருந்து அங்கே செல்லும் நேர்வழியில் கிங்ஸ் சர்க்கிளும் இந்துமாதாவும் உள்ளன. பெருமழையில் முதலில் நீர் தேங்கும் இடங்களில் அவ்விரண்டும் அடங்கும்.