ஊராட்சியும் ஓட்டுரிமையும்



லயத்துக்குப் பின்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால் நம் பெற்றோர் யாரிடம் சொன்னார்கள்? கிராணியிடம் சொன்னார்கள், கிராணி துரையிடம் சொன்னார். தோட்டம் தனியார் நிலம். ஆகவே அங்கே வீடும் தண்ணீரும் விளக்கும் நிர்வாகத்தின் பொறுப்பாகவே இருந்தன. பட்டணத்துக்காரருக்கோ நகராண்மைக் கழகம் இருந்தது. அவர் வரி கட்டினார். கட்டியதால் கேட்கவும் செய்தார். ஒரு காலத்தில் அந்தக் கழகத்துக்கு ஓட்டும் போட்டார். அந்த ஓட்டின் கதையைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1857-ஆம் ஆண்டிலேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1913-இல் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. மீண்டும் 1951 டிசம்பரில் அதே நகரில் தேர்தல் வந்தது. பதினைந்து உறுப்பினர்களில் ஒன்பது பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் தேர்தல் நடந்தது. கூட்டரசு சட்டமன்றத்துக்கு 1955-இல் ஓட்டுப் போடுவதற்கு முன்பே, மலாயா மக்கள் ஓட்டுப் போடக் கற்றுக்கொண்டது ஊராட்சித் தேர்தலில்தான்.

1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. அதன் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன். அவர் ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்குப் பெருமை. அந்த மன்றம் குடிநீரும் மின்சாரமும் வழங்கியது; பேருந்தும் ஓட்டியது. கையில் சொந்த வருவாய் இருந்தது. தலைக்குமேல் ஓட்டுப் போட்ட மக்கள் இருந்தார்கள். ஊராட்சிக்கு இவை இரண்டும் இரு கால்கள். ஒன்று இல்லாவிட்டாலும் நொண்டித்தான் நடக்க வேண்டும்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த வேளையில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. சில மன்றங்களில் முறைகேடு என்ற குற்றச்சாட்டுகளும் அப்போது எழுந்தன. இவற்றை ஆராய, செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 1968-இல் அது அறிக்கை தந்தது. குறைகள் உண்டு, என்றாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமே வேண்டும் என்பது அதன் முடிவு. ஓர் உறுப்பினர் தவறினார் என்பதற்காக ஓட்டையே எடுத்துவிடலாமா? மாணவன் கணக்கில் தவறினால் நாம் பள்ளியையா மூடுகிறோம்?

அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முடிவு கட்டியது. அதன்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது; 2014-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அந்த முயற்சி தோற்றது.

நேயர்களே, தோட்டத்தை விட்டு வந்து வீட்டுமனைகளில் குடியேறிய குடும்பங்கள் பல. இப்போது மதிப்பீட்டு வரிச் சீட்டு நம் வீட்டுக்கும் வருகிறது. கட்டிவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். நம் வட்டாரத்து உறுப்பினர் யார் என்று விசாரியுங்கள். கால்வாய் அடைத்தால் பிள்ளையை உட்காரவைத்து மனு எழுதச் சொல்லுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். துரையிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்த காலம் போகட்டும். வரி கொடுக்கிற கைக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு.