'கிரீன் கிராக்கர்ஸ்'னா புகையே வராதா? எப்படி எழுதினா சரி?

தீபாவளி வந்தாலே பட்டாசு விளம்பரங்களில் அடிபடும் வார்த்தை 'கிரீன் கிராக்கர்ஸ்'. ஆனா, பலரும் இதைத் தப்பாத்தான் எழுதுறாங்க.

பச்சை நிறப் பட்டாசா?
இல்லை. பட்டாசில் பச்சை ஒளிக்குப் பெரும்பாலும் சேர்க்கப்படுவது பேரியம். அந்த பேரியம் உப்புகளுக்கே 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. மாசு குறைந்த பட்டாசு, பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்கலாம், விற்கலாம் என்றதும் அதே தீர்ப்புதான்.

புகை வராதா?
வரும். நாக்பூரில் உள்ள மத்திய அரசின் 'நீரி' ஆய்வகம் உருவாக்கிய இந்த வகையில், வழக்கமான பட்டாசைவிட நுண்துகள் மாசு குறைந்தது 30% குறையும். அவ்வளவுதான்.

எப்படி எழுதணும்?
❌ புகையில்லாப் பட்டாசு
❌ மாசில்லாப் பட்டாசு
❌ ஆபத்தில்லாப் பட்டாசு
✅ மாசு குறைந்த பட்டாசு
✅ பசுமைப் பட்டாசு (நடுவில் 'ப்' முக்கியம்)

ஏன் இவ்வளவு கவனம்?
'கிரீன்' என்பது காற்று மாசைப் பற்றிய சொல். பாதுகாப்பைப் பற்றியது அல்ல. உள்ளே இருப்பது வெடிமருந்துதான். சிவகாசி சுற்றுவட்டார ஆலைகளில் மருந்து கலக்கும் தொழிலாளிக்கும், வீட்டு வாசலில் கொளுத்தும் குழந்தைக்கும் தீ ஆபத்து அப்படியேதான் இருக்கு.