நாலு பேர், பதினாறு தந்தி

டிஸ்கி: எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. ஆறாங்கிளாஸ் படிக்கும்போது ரெண்டு மாசம் கத்துக்கப் போனேன். வாத்தியாரே ஃபீஸைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிட்டார் :-) அதனால இது ஒரு ரசிகன் எழுதுற வரலாறு, அவ்வளவுதான்.

அந்த வாத்தியார் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எங்க தெருவுலயே இருந்தவர். காலைல ஆறரை மணிக்கெல்லாம் கறுப்புப் பெட்டியோட பஸ் ஸ்டாப்புல நிப்பார். அந்த நேரத்துல எங்க ஏரியா ஜனம் மொத்தமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும். பாதிப் பேர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு, மீதிப் பேர் ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கு. எல்லார் கையிலயும் டிபன் பாக்ஸ், இவர் கையில மட்டும் வாத்தியப் பெட்டி. ஆனா அவர் போனதும் ஒருவிதத்துல ஷிஃப்டுக்குத்தான். வடபழனியிலயோ சாலிகிராமத்துலயோ ரெக்கார்டிங் தியேட்டர்ல கால்ஷீட்.

"சார், நீங்க எந்தப் பாட்டுல வாசிச்சிருக்கீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டேன்.

"எத்தனையோ பாட்டுலப்பா. ஆனா நான் வாசிச்சது எனக்கே கேக்காது"ன்னார்.

அப்ப சிரிச்சுட்டேன். அதுக்கு அர்த்தம் புரிஞ்சது, பல வருஷம் கழிச்சு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் கேட்டப்பதான்.

ஸ்ட்ரிங் குவார்ட்டெட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ரெண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா பார்க்க வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கனம். (எங்க சார் சினிமாவுல வாசிச்சது இதைத்தான். தெரு முழுக்க வயலின்னுதான் சொன்னோம், அவரும் திருத்தினதே இல்லை.) ஒவ்வொண்ணுலயும் நாலு தந்தி, ஆக மொத்தம் பதினாறு. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரியாவின் ஹைடன் இந்த வடிவத்துக்கு ஒரு முகம் கொடுத்தார். பிறகு மொஸார்ட், பேத்தோவன் எல்லாரும் தங்களோட ரொம்ப அந்தரங்கமான இசையை இதுக்குத்தான் எழுதினாங்க. கண்டக்டர் கிடையாது. ஒளிஞ்சுக்க இடமும் கிடையாது. இருபது வயலின் சேர்ந்து வாசிக்கிற இடத்துல ஒருத்தர் பிசகினா ரசிகனுக்குத் தெரியாது. நாலு பேர்ல ஒருத்தர் பிசகினா ஊருக்கே தெரியும்.

ஐரோப்பாவுல இதுவே வாழ்நாள் தொழில். லண்டனில் 1947ல் தொடங்கின அமடேயஸ் குவார்ட்டெட்டை எடுத்துக்குங்க. அதுல மூணு பேர் வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்கள். பிரிட்டன்ல அகதிகளை அடைச்சு வச்சிருந்த முகாம்ல ஏற்பட்ட பழக்கம். செல்லோக்காரர் மட்டும் இங்கிலாந்துக்காரர். அதே நாலு பேர் ஏறக்குறைய நாற்பது வருஷம் சேர்ந்து வாசிச்சாங்க. 1987ல் வயோலா வாசிச்ச பீட்டர் ஷிட்லாஃப் இறந்ததும், வேற ஆளைப் போடாம குழுவையே கலைச்சுட்டாங்க. கல்யாணம் மாதிரி ஒரு தொழில்!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கர்நாடக சங்கீதத்துக்குள்ள வயலின் வந்த கதை நமக்குப் பக்கத்துலதான் நடந்திருக்கு. முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மணலியில், முதலியார் ஜமீன் ஆதரவுல இருந்தாங்க. ஆமா, அம்பத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கே, அதே மணலிதான். கோட்டையில் ஆங்கிலேயரோட பேண்டு கேட்ட பழக்கம் அங்கேயிருந்து வந்தது. தம்பி பாலுஸ்வாமி வெள்ளைக்காரர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார். அண்ணன் முத்துசுவாமி அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார், அதுதான் நோட்டுஸ்வரம். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் வயலினைக் கையில் எடுத்தார். அப்புறம் வயலின் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்தது, ஸ்ருதியை மாத்திக்கிட்டது, முழுசா நம்மாளாவே ஆயிடுச்சு.

ஆனா வயோலாவுக்கும் செல்லோவுக்கும் கச்சேரி மேடையில நிலையான இடம் கிடைக்கலை. அவங்களுக்கு மெட்ராஸ்ல சோறு போட்டது பெரும்பாலும் சினிமாதான். எம்.பி. ஸ்ரீநிவாசன் முன்னால நின்னு சினிமா இசைக் கலைஞர்களுக்கு சங்கம் அமைச்சதால கால்ஷீட், சம்பளம்னு ஒரு ஒழுங்கும் வந்தது. ஒரு குவார்ட்டெட்டுக்குத் தேவையான ஆட்கள் இந்த ஊர்ல இருந்தாங்கன்னா, அதுக்குக் காரணம் சபாக்கள் இல்லை, ரெக்கார்டிங் தியேட்டர்கள்.

அங்கேயிருந்து வந்தவர்தான் வி.எஸ். நரசிம்மன். பேர் தெரியாட்டியும் அவர் வயலின் உங்களுக்குத் தெரியும். 1981ல் வந்த 'ராஜபார்வை'யில் கமல் பார்வையில்லாத வயலின் கலைஞர். திரையில வில் கமல் கையில, சத்தம் நரசிம்மனோடது. படம் ஓடலை, வயலின் இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. 1984ல் பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை'க்கு இவர்தான் இசையமைப்பாளர். 'ஆவாரம்பூவு' பாட்டை இளையராஜா கணக்குல எழுதி வச்சிருக்கிறவங்க எத்தனை பேர்? கையைத் தூக்குங்க :-) (நானும் தூக்கறேன்.) 'கல்யாண அகதிகள்', தூர்தர்ஷன்ல வந்த 'ரயில் சிநேகம்' எல்லாம் இவர் இசைதான்.

1986ல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையா வச்ச ஆல்பம். அதுல தனி வயலின் நரசிம்மன். ஒரு துண்டுக்குப் பேரே 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. சேம்பர் இசைன்னா, வீட்டுக் கூடத்துல நாலைஞ்சு பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இசை. அந்தக் கூடத்துக்குள்ள தியாகராஜரை வரவேற்கிறாங்களாம். பின்னால நடக்கப்போறதுக்கு அழைப்பிதழ் மாதிரி எனக்குத் தோணும்.

1990களில் நரசிம்மன் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை அமைச்சார். செல்லோவில் வி.ஆர். சேகர். மத்தவங்களும் வெளிநாட்டுல இருந்து வந்தவங்க இல்லை, இந்த ஊர்ல தொழில் செஞ்சவங்கதான். பேத்தோவனை நகல் எடுத்து வாசிச்சா போதும்னு நினைக்காம, நம்ம கீர்த்தனைகளை நாலு வாத்தியத்துக்கு எழுத ஆரம்பிச்சார் நரசிம்மன். 'ரெசொனன்ஸ்'ங்கிற ஆல்பம் அப்படி வந்ததுதான்.

கேக்க சுலபமா இருக்கும், செய்யறது மகா கஷ்டம். மேற்கத்திய ஹார்மனிக்குக் குறிப்பிட்ட ஸ்வரங்கள் ஒண்ணா ஒலிக்கணும். நம்ம ராகங்கள் பல சமயம் அந்த ஸ்வரங்களையே தராது. ஹம்ஸத்வனியை எடுத்துக்குங்க: ச ரி க ப நி. ச-க-ப சேர்த்தா ஒரு கார்டு, ப-நி-ரி சேர்த்தா இன்னொண்ணு. ஆனா மேற்கத்திய பாட்டு எதுக்கும் தவிர்க்க முடியாத ம-த-ச கார்டுக்கு இங்கே வழியே இல்லை, ஏன்னா ராகத்துல மவும் இல்லை தவும் இல்லை. மோகனத்துல நி இல்லை, அதனால ப-நி-ரி போச்சு. தோடி இன்னும் மோசம். அதோட காந்தாரம் ஒரு இடத்துல நிக்கவே நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். ஆடுற ஸ்வரத்துக்குக் கீழே அசையாத கார்டை வச்சா ரெண்டும் முட்டிக்கும்.

சினிமாவுல இந்த இடத்துல ராகத்தைக் கொஞ்சம் வளைச்சுக்கலாம், யாரும் கேக்கமாட்டாங்க. நரசிம்மன் எடுத்துக்கிட்டது கஷ்டமான வழி. முதல் வயலின் கமகத்தோட கீர்த்தனையை வாசிக்கும். மத்த மூணும் அந்த ராகத்தோட ஸ்வரங்களுக்குள்ளயே நின்னு தனித்தனியா ஒரு வரி சொல்லும். ஒண்ணு பேசும்போது இன்னொண்ணு பதில் சொல்லும். கேட்டா "ஃப்யூஷன்"னு சத்தம் போடத் தோணாது. இந்தப் பாட்டுக்குள்ள இவ்வளவு இடம் இருந்ததான்னுதான் தோணும்.

இதோட இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ஹவ் டு நேம் இட் வந்த அதே 1986லதான் 'புன்னகை மன்னன்' கம்ப்யூட்டர் இசைன்னு பேசப்பட்டது. 1992ல் 'ரோஜா'. தந்தி வாத்தியங்களோட சத்தம் கீபோர்டுல கிடைக்க ஆரம்பிச்சதும் கால்ஷீட் குறைஞ்சது. பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வேணும்னா 'ஹே ராம்' (2000) மாதிரி புடாபெஸ்ட்டுக்குப் போக வழி வந்தது. யாரையும் குத்தம் சொல்லலை (ரசிகர்கள் அடிக்க வராதீங்க). கே.எம். இசைக் கல்லூரியை 2008ல் தொடங்கி அடுத்த தலைமுறைக்குத் தந்தி வாத்தியம் சொல்லிக் கொடுக்கறதும் ரஹ்மான்தான். வேடிக்கை என்னன்னா, அமெரிக்காவின் க்ரோனோஸ் குவார்ட்டெட் 2005ல் ஆஷா போஸ்லேயோட சேர்ந்து ஆர்.டி. பர்மனின் சினிமாப் பாட்டுகளை வாசிச்சு ஆல்பம் போட்டாங்க. அங்கே குவார்ட்டெட்காரங்க சினிமாவைத் தேடி வந்தாங்க. இங்கே சினிமாக்காரங்க குவார்ட்டெட்டைத் தேடிப் போனாங்க. ஆனா அவங்களுக்கு அது முழுநேரத் தொழில், இங்கே அது தொழிலுக்கு நடுவுல கிடைச்ச நேரம். சினிமா ஆர்க்கெஸ்ட்ரா சுருங்கினா குவார்ட்டெட்டுக்கு ஆள் எங்கேயிருந்து வரும்? நம்ம ஊர் இசை வரலாறு எழுதறவங்க பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் எழுதிட்டு நிறுத்திடறாங்க. இந்தக் கேள்வி அதனாலயே யாருக்கும் வர்றதில்லை.

ரெசொனன்ஸ் சிடி கிடைச்சப்ப முதல்ல எங்க சார் வீட்டுக்குத்தான் எடுத்துட்டுப் போனேன். ரெக்கார்டிங் நின்னு பல வருஷம் ஆச்சு. கறுப்புப் பெட்டி பீரோ மேல, துண்டு போட்டு மூடியிருந்தது. சாய்வு நாற்காலியில கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். இடது கை விரல் மட்டும் முழங்கால் மேல அசைஞ்சுக்கிட்டே இருந்தது.

ஒரு இடத்துல சட்டுனு கையைத் தூக்கி, "நிறுத்து. கொஞ்சம் பின்னாடி போ"ன்னார்.

மறுபடி போட்டேன்.

"கேக்குதா?"

"என்ன சார்?"

"வயோலா. தனியாக் கேக்குது பாரு"ன்னார்.