சகானா: ஆழிப்பேரலையின் பின் எழுந்த மென்பொருள்

கட்டற்ற மென்பொருள்களுள் பிறருக்குப் பரிந்துரைக்கத்தக்கது யாதென வினவப்படின், மேனாட்டுப் பெயர்களையே நாம் அடுக்குவது வழக்கம். இலங்கையில் தோன்றிப் பிறநாடுகளுக்கும் பயன்பட்ட சகானாவை நம்மவருட் பலர் அறியார்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையால் இந்நாட்டில் 30,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர், இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அம்பாறை, மட்டக்களப்பு, முல்லைத்தீவு முதலாய மாவட்டங்கள் பேரழிவுக்குள்ளாயின. உதவி வந்தது, ஆயின் எம்முகாமில் எத்தனை பேர், எவரைக் காணவில்லை, எந்நிறுவனம் எங்கே பணியாற்றுகின்றது என்பன ஒருங்கு தெரியவில்லை. நிறுவனங்கள் தத்தம் பட்டியலைத் தனித்தனியே வைத்திருந்தன. தாய் ஒரு முகாமிலும் பிள்ளை பிறிதொரு முகாமிலும் இருந்தவிடத்து, அப்பட்டியல்கள் ஒன்றுசேருங்காறும் ஒருவரிருப்பதை மற்றவர் அறிதல் அரிது.

இக்குறையை நீக்க இந்நாட்டுக் கணினியாளர் பலர் தொண்டர்களாக முன்வந்தனர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் அவர்களை ஒருங்கிணைத்தது. காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்பவற்றுக்குரிய பதிவேடுகள் சில வாரங்களுள் உருவாயின. பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் போன்ற திறந்தமூலக் கருவிகள் ஏலவே கைவசமிருந்தமை இவ்விரைவுக்கு ஒரு காரணம். விலைக்கு வாங்கவும் அனுமதி பெறவும் காத்திருக்க நேர்ந்திருப்பின் காலங்கடந்திருக்கும். தமிழ்ச்செவிக்கு இராகமொன்றை நினைவூட்டும் இப்பெயர், சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படுவது.

எனினும், சகானாவின் வரலாற்றுச் சிறப்பை அதன் பிற்கால வாழ்விலேயே நாம் காண்கின்றோம். முதற்பணி முடிந்ததும் அது பெட்டியுள் முடங்கவில்லை. 2005இல் சுவீடிய நிதியுதவியுடன் எந்நாட்டுக்கும் பொருந்துமாறு மீள எழுதப்பட்டது. அதன் மூலநிரலை எவரும் பெற்றுத் திருத்திக்கொள்ளலாம் என்பதால், அதே ஆண்டு நிலநடுக்கத்துக்குள்ளான பாக்கிஸ்தானும், 2006இல் மண்சரிவுக்குள்ளான பிலிப்பைன்சும் அதனைப் பயன்படுத்தின. அவ்வாண்டுக்குரிய சமூகநலப் பணித்திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகானாவுக்கு அளித்தது. 2010இல் ஹெயிற்றியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, மருத்துவமனைகளின் அமைவிடங்களைத் தொண்டர்கள் தேடித் திரட்டி அதிற் பதிந்தனர்.

எனவே நாம் இதனைப் பரிந்துரைக்கின்றோம்; ஆயின் ஒரு வரையறையுடன். முகாமில் ஒருவர் அமர்ந்து பெயர்களைக் கேட்டுப் பதியாவிடின் எம்மென்பொருளும் வெற்றேடே. ஒரே பெயரை மூவர் மூவகையாக எழுதும் நம் வழக்கமோ தேடுவோரை மேலும் இடர்ப்படுத்தும். இவற்றை அனர்த்தம் நேர்ந்தபின் கற்றுக்கொள்ள அவகாசமிராது. கிழக்கின் தாழ்நிலங்களில் வடகீழ்ப் பருவமழையால் வெள்ளம் பெருகுதல் புதிதன்று. மழைக்கு முந்திய மாதங்களிலேயே, பல்கலைக்கழகக் கணினிக்கூடமொன்றில் இதனை நிறுவி, கிராம அலுவலர் பிரிவொன்றின் கற்பனைப் பட்டியலைத் தமிழிற் பதிந்து, பெயர் தேடிப் பழகுதல் மாணவர்க்கு இயலும் செயலே.