இலங்கைத் தேயிலையும் குடியேறிய தொழிலாளரும்

அயலார் வந்து குடியேறினால் உள்நாட்டாரின் பிழைப்புக் கெடும் என்று சொல்வோர் எக்காலத்தும் உண்டு. இலங்கை மலையகத்தின் வரலாற்றைக் கொண்டு இக்கூற்றைச் சற்று ஆராய்வோம்.

1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1830-களுக்குப் பின் மலைச்சரிவெங்கும் காப்பித் தோட்டங்கள் பெருகின. கண்டிச் சிங்கள உழவர் சோம்பேறிகள், ஆதலால் தமிழகத்திலிருந்து ஆள் வரவழைத்தோம் என்று துரைமார் எழுதி வைத்தனர். நான் இதனை ஏற்பதற்கில்லை. சொந்த வயலுடையவன் அதனைக் கைவிட்டு, அற்பக் கூலிக்குத் துரையின் தோட்டத்தில் நிற்பானா? காடு வெட்டும் ஒப்பந்த வேலையைச் சிங்களர் ஏற்கத்தான் செய்தனர். காப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்காரர்களிலும் அவர்கள் பலர். ஆக, வந்தவர் உழைப்பால் இருந்தவருக்கும் புதுத் தொழில்கள் பிறந்தன. உழவர் இழந்தது நிலத்தை. 1840-ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை காட்ட இயலாத காட்டையும் தரிசையும் அரசின் உடைமையாக்கிற்று. அதனை இயற்றியவர் தொழிலாளர் அல்லர். பழியோ பிற்காலத்தில் அவர்கள்மீது விழுந்தது.

காப்பிக் காலத்தில் தொழிலாளர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தனர். வழியில் நோயால் மாண்டோர் பலர். அறுவடை முடிந்ததும் ஊர் திரும்புவதே வழக்கம். 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. அதற்கு முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்கு அறுவடைப் பருவம் என்று ஒன்றில்லை. ஆண்டு முழுவதும் சில நாட்களுக்கொருமுறை கொழுந்து கிள்ளியாக வேண்டும். ஆகவே தொழிலாளர் பெண்டு பிள்ளைகளோடு லயங்களில் நிலையாகத் தங்கலாயினர். பயிர் மாறவே குடியேற்றத்தின் தன்மையும் மாறியதை மாணவ நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

வழிச்செலவுக்குக் கங்காணி கொடுத்த முன்பணம் தீராக் கடனாயிற்று. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் செல்ல முடியாது. இம்முறை 1921-இல்தான் ஒழிந்தது. கூலி தாழ்ந்தே கிடந்ததற்கு இக்கட்டும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இலாபத்தில் கணிசமான பங்கு இலண்டன் கம்பெனிகளுக்குச் சென்றது. தேயிலை ஏற்றுமதி வரியோ இலங்கைக் கருவூலத்தை நிரப்பிற்று. 1945-இல் அங்கே இலவசக் கல்வி வந்தது. ஆயின் தோட்டப் பள்ளிகளை அரசு தன் பொறுப்பில் ஏற்றது 1970-களிலேயே.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எவர் எங்கே செல்வது என்ற இழுபறி நெடுநாள் நீடித்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2003-இல் நிறைவேற்றியது.