ஔடத தானமும் அபய தானமும்

தீர்த்தங்கரர்தம் பஞ்ச கல்யாணங்களுள் முதலாவது பிறப்பன்று. கருவில் வந்து தங்குதலே ஆகும். கர்ப்பாவதரண கல்யாணத்தைப் போற்றிய பின்னரே ஜன்மாபிஷேக கல்யாணத்தைக் கொண்டாடுகிறோம். ஓர் உயிர் தாயின் வயிற்றில் புகும் பொழுதையே திருவிழாவாகக் காணும் மரபினர் நாம். ஆதலின், கருவைச் சிதைத்துப் பெறும் உயிரணுக்களைக் கொண்டு பிறர் நோயைத் தீர்க்கலாமா என்று இன்றைய மருத்துவ உலகம் எழுப்பும் வினா நமக்கு அயலானதன்று.

நம் சான்றோர் தானத்தை ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நான்காக வகுத்தனர். நோயுற்றார்க்கு மருந்தீதல் ஔடத தானம். உயிர்களின் அச்சம் போக்கிக் காத்தல் அபய தானம். இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் நிலை எவ்வாறு தோன்றியது என்பதை வரலாற்றின்வழிக் காண்போம்.

1978ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார். தாயின் உடலுக்கு வெளியே கருவுறச் செய்து பிறந்த முதற் குழந்தை அவரே. இராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ ஆகியோரின் இம்முயற்சி மகப்பேறின்றி வருந்தியோர்க்குப் பெருங்கொடையாயிற்று. ஆயின் இம்முறையில் தாய்க்குச் செலுத்தப்படாது எஞ்சிய கருக்களை என் செய்வது? இதனை ஆராயப் பிரிட்டன் அரசு மேரி வார்னாக் என்னும் மெய்யியல் அறிஞர் தலைமையில் குழு அமைத்தது. ஆய்வுக்கூடத்தில் 14 நாள்களுக்குமேல் மனிதக் கருவை வளர்த்தல் கூடாது என 1984இல் அக்குழு வரையறுத்தது. 1990இல் அது சட்டமாயிற்று. நம் நாட்டு நெறிமுறைகளும் அவ்வரம்பையே ஏற்றன.

1981இல் எலியின் கருவிலிருந்து ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்கள் பிரித்தெடுக்கப்பட்டன. 1998இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்தே அவற்றைப் பெற்றார். உடலின் எவ்வகை அணுவாகவும் மாறவல்லவை அவை. நடுக்குவாதம், நீரிழிவு, தண்டுவடக் காயம் முதலியவற்றுக்குத் தீர்வு கிட்டும் என்னும் நம்பிக்கை பிறந்தது. எனினும் அவற்றை எடுக்குங்கால் ஏறத்தாழ ஐந்து நாள் வளர்ந்த கரு அழிந்தது. முன்பே பிரித்தெடுக்கப்பட்ட அணு வரிசைகளுக்கு மட்டுமே அரசு நிதி என்று 2001இல் குடியரசுத் தலைவர் புஷ் அறிவித்தார். 2009இல் ஒபாமா அத்தடையை நீக்கினார். ஆட்சி மாற அறத்தின் எல்லையும் மாறியது.

இவ்விடத்தே ஜப்பானிய மருத்துவர் ஷின்யா யமனாகாவின் வரலாறு நினைக்கத் தக்கது. நண்பர் ஒருவரின் மருத்துவமனையில் நுண்ணோக்கி வழியே கருவொன்றைக் கண்டபோது, அதற்கும் தம் பெண்மக்களுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதே என்று தமக்குத் தோன்றியதாக அவர் கூறியுள்ளார். கருவை அழிக்காத வழியை நாடினார். 2006இல் எலியின் தோலணுவில் 4 மரபணுக்களைச் செலுத்தி, அதனைக் குருத்தணுவின் தன்மைக்கு மீட்டார். மறு ஆண்டு மனிதத் தோலணுவிலும் வென்றார். 2012இல் நோபல் பரிசு பெற்றார்.

இதனைக் கொல்லாமையின் வெற்றி என்று கூறி மகிழலாம். ஆயினும் உண்மையை மறைத்தல் சத்திய விரதத்துக்கு இழுக்கு. அந்த 4 மரபணுக்களைக் கண்டறிய உதவியது, கருக்களிலிருந்து பெற்ற குருத்தணுக்களைப் பற்றிய முந்தைய அறிவே. புதிய மருந்தை நாளை நாம் பெறுங்கால், அக்கடனும் நம்மைச் சாரும்.

அங்ஙனமாயின் நாம் கொள்ளும் அளவுகோல் யாது? சட்டம் நாள்களை எண்ணுகிறது. ஜினதருமமோ செய்பவன் உள்ளத்தையும் நோக்குகிறது. விழிப்பின்மையாலும் கஷாயத்தாலும் உயிர்ப்பைச் சிதைத்தலே இம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. சமைத்தல், உழுதல் முதலியவற்றில் இல்லறத்தார்க்குத் தவிர்க்கவியலாது நேரும் இம்சை வேறு. எண்ணித் துணியும் சங்கற்ப இம்சை வேறு. அழிப்பதற்கென்றே ஒரு கருவை ஆக்குதல் இரண்டாவதன்பாற்படும். எத்துணை உயர்ந்த நோக்கமும் அதனை அறமாக்காது என்பதே என் துணிபு.

விழிப்பு, நோயாளிகளாகிய நமக்கும் வேண்டும். எந்நோயையும் குருத்தணுவால் தீர்ப்போம் என்று விளம்பரம் செய்வோர் பலர். இரத்த நோய்கள் சிலவற்றுக்கான மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குப் புறம்பாக இதனை நோயாளிக்கு அளித்தல் முறைகேடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை உரைக்கிறது. பிறர் துன்பத்தில் பொருளீட்டும் அவ்வாசை லோபமாகிய கஷாயமே.

ஓர் உயிரும் அழியாது இவ்விரு தானங்களும் ஒன்றுபடும் வழியும் உண்டு. இரத்தப் புற்றுநோயுற்ற ஒருவர்க்கு, பொருந்தும் கொடையாளர் தம் குருத்தணுக்களை இரத்தத்திலிருந்தோ எலும்பு மச்சையிலிருந்தோ வழங்கலாம்; கொடுத்தவர் உடல் சில வாரங்களில் அவற்றை மீண்டும் ஆக்கிக்கொள்ளும். இத்திருநாளில் நம் இளையோர் கொடையாளர் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்ப்பாராயின், அதுவே ஔடத தானம். அதுவே அபய தானமும் ஆகும்.